குருமனையின் இரண்டு வாசல்கள்: ஹோட்டலாக மாறிய ஆங்கிலேய ரெக்டரிகள்

இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயர் பகுதியில் அப்பர் ஸ்லாட்டர் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள ஹோட்டலின் பெயர் 'லார்ட்ஸ் ஆஃப் த மேனர்'. பெயரைக் கேட்டால் ஏதோ ஒரு பிரபுவின் மாளிகை என்றுதான் தோன்றும். ஆனால் 17-ஆம் நூற்றாண்டில் அது எழுந்தது ஊர்ப் போதகரின் வீடாக. 1808 முதல் 1854 வரை அந்த ஊரின் ரெக்டராக இருந்தவர் பிரான்சிஸ் விட்ஸ். அவருடைய நாட்குறிப்பு பிற்காலத்தில் நூலாக வெளிவந்து, அக்கால கிராம வாழ்க்கைக்கு நல்ல சான்றாக நிற்கிறது. மேனர் என்ற நிலக்கிழார் உரிமையும் விட்ஸ் குடும்பத்தின் கைக்கு வந்ததால்தான் இந்தப் பெயர். அதைப் போலவே காட்ஸ்வால்ட் கல்லில் எழுந்த இன்னொரு குருமனை, வில்ட்ஷயரின் க்ரட்வெல்லில் ஊர் ஆலயத்துக்குப் பக்கத்திலேயே ஹோட்டலாக இயங்குகிறது. நாரிச் நகரை அடுத்த தார்ப் செயின்ட் ஆண்ட்ரூவில் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய ரெக்டரி, ஆக்ஸ்போர்டின் பான்பரி சாலையில் 17-ஆம் நூற்றாண்டுப் பார்சனேஜ், கார்ன்வாலில் செயின்ட் ஜூலியட் ரெக்டரி என்று இந்த வரிசை நீள்கிறது.

வீடு கைமாறியதில் கட்டடக்கலை பிழைத்ததா, மேல்தோல் மட்டும் மிஞ்சியதா என்பதே கேள்வி. கணப்படுப்பின் பளிங்கு, படிக்கட்டின் கைப்பிடி, கூரையோரச் சுதை வேலை இவற்றை எண்ணிப் பார்த்துப் பதில் சொல்வதுதான் வழக்கம். எனக்கு அது போதாது. ரெக்டரி என்ற கட்டட வகையின் உயிர் அதன் அலங்காரத்தில் இல்லை. யார் எந்த வாசலில் நுழைந்து எந்த அறை வரை வரலாம் என்று வகுத்த தளத் திட்டத்தில் இருக்கிறது. ஹோட்டலாகும்போது முதலில் கலைவதும் அதுதான்.

இதைப் புரிந்துகொள்ள வருமானத்திலிருந்து தொடங்க வேண்டும். ஊரார் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாக ஆலயத்துக்குச் செலுத்த வேண்டும். தானியம், வைக்கோல், மரம் ஆகியவை 'பெரிய' பங்கு. காய்கனி, கோழி, பன்றிக்குட்டி போன்றவை 'சிறிய' பங்கு. இரண்டையும் பெற்றவர் ரெக்டர். பெரிய பங்கை ஒரு மடமோ நிலக்கிழாரோ எடுத்துக்கொள்ள, சிறியதை மட்டும் பெற்றவர் விக்கர். இவை தவிர, ஆலயத்துக்கென்று விட்ட மானிய நிலமும் உண்டு. ஆகவே ரெக்டரி என்பது வீடாக இருந்தபடியே ஒரு பண்ணையும் வசூல் அலுவலகமும் ஆனது. தானியக் களஞ்சியம், தொழுவம், பால் அறை, பீர் காய்ச்சும் கொட்டகை எல்லாம் அதைச் சுற்றி நின்றன. இன்று ஹோட்டல்காரர்கள் 'கோச் ஹவுஸ் அறைகள்', 'ஸ்டேபிள் அறைகள்' என்று கூடுதல் கட்டணத்துக்கு விடும் கட்டடங்களில் பல இந்தப் பண்ணையின் மிச்சங்களே.

விருந்தோம்பலும் அந்த வருமானத்தோடு ஒட்டிய கடமை. ஊரில் தங்காத ரெக்டர், ஆண்டு வருமானம் 20 பவுண்டுக்கு மேல் என்றால், அதில் நாற்பதில் ஒரு பங்கை அவ்வூர் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று 1536-இல் அரசாணையே பிறந்தது. வீட்டில் ஆள் இருந்து வருவோருக்குச் சோறிடாததற்கு ஈடு அது. வெஸ்டன் லாங்வில் ஊர் ரெக்டர் ஜேம்ஸ் உட்போர்டு, ஆண்டுதோறும் டிசம்பரில் தசமபாகம் கட்ட வரும் விவசாயிகளுக்குப் பெரும் விருந்து வைத்ததைத் தம் நாட்குறிப்பில் விரிவாகப் பதிந்திருக்கிறார். பணம் எண்ணி வாங்கும் மேசையும் விருந்து மேசையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. அந்நியர் வருவார்கள் என்று எதிர்பார்த்தே கட்டிய வீடு இது. அந்த அளவில் ஹோட்டல் என்பது ரெக்டரிக்கு அடியோடு அந்நியமான பயன்பாடு அல்ல என்பது என் வாதத்தின் ஒரு பாதி.

மிகப் பழைய குருமனைகளில் இந்தப் பொதுத்தன்மை வெளிப்படையாகவே தெரியும். சசெக்ஸில் உள்ள ஆல்பிரிஸ்டன் குருமனை 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மரச்சட்ட வீடு. நடுவில் கூரை முகடு வரை திறந்த ஒரே கூடம், இருபுறமும் இரண்டு தட்டுகளில் சிறு அறைகள், மேலே வேய்ந்த கூரை. அதன் தரை பார்க்க வேண்டிய ஒன்று: சுண்ணக்கல் தூளைப் புளித்த பாலுடன் சேர்த்து இடித்து இறுக்கியது. இடிபட இருந்த இந்த வீட்டை 1896-இல் 10 பவுண்டுக்கு வாங்கியது பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான நேஷனல் டிரஸ்ட். அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடமே ஒரு குருமனை என்பது எனக்கு எப்போதும் நிறைவு தரும் செய்தி. இதைப் போன்ற வீட்டை ஹோட்டல் ஆக்கவே முடியாது. அது ஒரே அறையின் வீடு, கதவு போட்டுப் பிரித்தால் அதுவாக இராது.

போதகர்கள் மணம் செய்துகொள்ள 1549-இல் சட்டம் இடம் கொடுத்தது. மேரி அரசியின் காலத்தில் அது பறிபோய், எலிசபெத்தின் காலத்தில் மீண்டும் வந்தது. அதன் பிறகு குருமனைக்குள் மனைவி, குழந்தைகள், வேலையாட்கள் வந்தார்கள். கூடத்துக்கு மேல் தளம் போட்டார்கள், புகைபோக்கி எழுந்தது, படுக்கை அறைகள் பிரிந்தன. இதற்கெல்லாம் எழுத்துச் சான்று உண்டு. ஆலய நிலத்தையும் வீட்டையும் பட்டியலிட்டுப் பேராயரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1604-இன் திருச்சபை விதி கட்டளையிட்டது. அந்தப் பட்டியல்களில் வீடு எத்தனை அங்கணம், கூரை ஓடா வைக்கோலா, எந்த அறைக்குத் தரைப் பலகை உண்டு என்றெல்லாம் எழுதியிருக்கும். சாதாரண ஆங்கிலேயக் குடியானவன் வீட்டுக்கு இவ்வளவு தொடர்ச்சியான ஆவணம் கிடையாது.

இன்னொரு விநோதம் இந்த வீடுகளின் உரிமை. ரெக்டர் பதவியில் இருக்கும்வரை வீடு அவருடையது. ஆனால் விற்க முடியாது, பிள்ளைக்கு விட முடியாது. அவர் இறந்தால் குடும்பம் வெளியேற வேண்டும். அதோடு, பழுதுபட்ட கூரைக்கும் உளுத்த உத்தரத்துக்கும் அடுத்து வருபவர் கேட்கும் இழப்பீட்டை விதவை கட்ட வேண்டும். ஆகவே சிலர் கைக்காசு போட்டுப் பழுது பார்த்தார்கள், பலர் தள்ளிப்போட்டார்கள். கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட் 1630-இல் பெமர்டன் ரெக்டராக வந்ததும் இடிந்து கிடந்த குருமனையைச் சொந்தச் செலவில் சீரமைத்தார். தமக்குப் பின் வருபவருக்கென்று சில வரிகளையும் எழுதிவைத்தார். ஆலயத்துக்கு எதிரே ஆற்றங்கரையில் நிற்கும் அந்த வீட்டைப் பிற்காலத்தில் வாங்கியவர் நம் நாட்டு எழுத்தாளர் விக்ரம் சேத். கவிஞரின் வீடு கவிஞரிடமே போய்ச் சேர்ந்தது.

நாம் இன்று 'ரெக்டரி' என்றதும் நினைக்கும் வடிவம் 18-ஆம் நூற்றாண்டில் உருவானது. லிங்கன்ஷயரின் எப்வொர்த் குருமனை 1709 பிப்ரவரியில் எரிந்தபோது, ஐந்து வயதுச் சிறுவனாக ஜன்னல் வழியே மீட்கப்பட்டவர், பின்னர் மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. எரிந்த வீடு மரமும் மண்ணும் வைக்கோலும். அதன் இடத்தில் எழுந்தது செங்கல். சமச்சீரான முகப்பு, வரிசை தவறாத ஜன்னல்கள். இந்த மாற்றம் அடுத்த 100 ஆண்டுகளில் நாடு முழுக்க நடந்தது. இரண்டு அறை ஆழத்தில் சதுரமாக அமைந்த வீடு. நடுவில் வாசல், உள்ளே படிக்கட்டுக் கூடம். ஒருபுறம் சாப்பாட்டு அறை, மறுபுறம் வரவேற்பறை. பின்னால் போதகரின் படிப்பறை, அதற்கு அடுத்து அடுக்களை. பெர்க்ஷயரின் பார்ன்பரோவில் 1749 வாக்கில் கட்டிய ரெக்டரி இந்த வகையின் உச்சம். கவிஞர் ஜான் பெச்சமன் 1945 முதல் 1951 வரை அங்கே குடியிருந்தார். செங்கலோ கல்லோ, ஊருக்கு ஊர் பொருள் மாறும்: நார்போக்கில் சக்கிமுக்கிக் கல், டெவனில் மண்சுவர், கார்ன்வாலில் சிலேட்டுப் பலகை. திட்டம் பெரும்பாலும் மாறாது.

இத்தனை வீடுகள் ஒரே காலத்தில் எழக் காரணம் ஒரு கடன் சட்டம். ஆன் அரசி 1704-இல் ஏழைப் போதகர்களுக்காக ஏற்படுத்திய நிதி 'குயின் ஆன்ஸ் பவுண்டி'. 1776-இல் வந்த கில்பர்ட் சட்டம், தம் பதவியின் இரண்டு ஆண்டு நிகர வருமானம் வரை அடமானம் வைத்து வீடு கட்டப் போதகருக்கு அனுமதி கொடுத்தது. 1803-இன் சட்டம் ஊரில் குடியிருக்கும்படி நெருக்கியது. யார்க்ஷயரின் பாஸ்டனுக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தார் நகைச்சுவை எழுத்தாளர் சிட்னி ஸ்மித். தலைமுறை தலைமுறையாக ரெக்டர் யாரும் தங்காத ஊர் அது. கட்டடக் கலைஞரை வைத்துக்கொள்ளக் கட்டுபடியாகவில்லை. தாமே வரைந்து, தம் நிலத்து மண்ணிலேயே செங்கல் சுட்டார். சுட்டது ஒன்றேகால் லட்சத்தையும் தாண்டியது, அத்தனையும் உதவாமல் போயின. பாரம் இழுக்க நான்கு எருதுகள் வாங்கினார். கடைசியில் 1814 மார்ச்சில் ஈரம் காயாத சுவர்களுக்குள் குடும்பத்தோடு குடிபுகுந்தார். அழகைவிட வெளிச்சமும் சூடும்தான் அவர் குறிக்கோள். வீடு இன்னும் நிற்கிறது.

விக்டோரியா காலத்தில் இந்த வகை இன்னும் ஒரு படி மேலே போனது. கட்டடக்கலை வரலாற்றில் குருமனைக்குத் தனி இடம் கிடைத்தது இங்கேதான். சமச்சீரான முகப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் அறைக்கு என்ன தேவையோ அதன்படி வெளியே ஜன்னல் வைக்க வேண்டும் என்று வாதிட்டவர் கட்டடக் கலைஞர் பியூஜின். டார்செட்டின் ராம்பிஷமில் 1845–47-இல் அவர் கட்டிய ரெக்டரியில் அறைகள் நடுக்கூடத்தைச் சுற்றிக் காற்றாடியின் இதழ்களைப் போல ஒவ்வொரு திசையில் திரும்பி நிற்கின்றன. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் முதல் தரம் அதற்கு. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் பட்டர்பீல்டு என்ற கட்டடக் கலைஞர் கோல்பிட் ஹீத்தில் ஒரு குருமனை கட்டினார். பிறகு ஸ்ட்ரீட் என்ற இன்னொருவர் பல கட்டினார். அவருடைய அலுவலகத்தில் வேலை கற்றவர் பிலிப் வெப். வில்லியம் மாரிஸுக்காக வெப் 1859-இல் வடிவமைத்த 'ரெட் ஹவுஸ்' நவீன வீட்டின் தொடக்கம் என்று பாடநூல்கள் சொல்லும். அதன் கூர்மாடக் கூரையும் அலங்காரமற்ற செங்கல்லும் கிராமத்துக் குருமனைகளிடமிருந்து வந்தவை. இந்தக் கடனைப் பாடநூல்கள் போதிய அளவு சொல்வதில்லை.

இந்தக் காலத்து ரெக்டரியின் தளத் திட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாசல் பெரும்பாலும் வடக்கிலோ கிழக்கிலோ இருக்கும். தெற்கு வெயிலும் தோட்டமும் குடும்பத்துக்கு. வாசலுக்குள் நுழைந்ததும் கைக்கெட்டும் தூரத்தில் படிப்பறை. சில வீடுகளில் அதற்குப் பக்கச் சுவரில் தனிக் கதவே உண்டு. திருமண அறிவிப்புக்கு வருபவர், கல்லறைக்கு இடம் கேட்பவர், கைம்பெண் உதவித்தொகைக்கு வருபவர், சேற்றுக் காலோடு வரும் விவசாயி எல்லாரும் அந்த அறை வரைதான் வருவார்கள். அதற்கு அப்பால், பச்சை நிற முரட்டுக் கம்பளித் துணி ஒட்டிய கதவு ஒன்று அடுக்களைப் பகுதியைச் சத்தமும் மணமும் வராமல் அடைத்திருக்கும். பின்பக்கத்தில் வேலையாட்களின் குறுகிய படிக்கட்டு. ஊராருக்கு ஒரு வழி, குடும்பத்துக்கு ஒரு வழி, வேலையாட்களுக்கு ஒரு வழி. தோட்டச் சுவரில் ஆலயத்துக்குப் போகும் சிறு கதவு நான்காவது.

செயின்ட் ஜூலியட் ரெக்டரியின் வாசலில் இந்தத் திட்டம் ஒருமுறை இலக்கிய வரலாற்றையே மாற்றியது. 1870 மார்ச் 7-ஆம் தேதி மாலை, சிதைந்த ஆலயத்தை அளவெடுக்க டார்செட்டிலிருந்து வந்து இறங்கினார் ஓர் இளம் கட்டடக் கலைஞர். ரெக்டர் கீல்வாத வலியில் படுத்திருந்தார். வந்தவரை வரவேற்றவர் ரெக்டரின் மைத்துனி எம்மா கிப்போர்டு. வந்தவர் தாமஸ் ஹார்டி. நான்கு ஆண்டுகளில் இருவரும் மணந்தார்கள். அந்த ஊரிலிருந்து 'எ பேர் ஆஃப் ப்ளூ ஐஸ்' நாவலும், எம்மா இறந்தபின் ஹார்டியின் மிகச் சிறந்த கவிதைகளும் பிறந்தன. அலுவலாக வந்த அந்நியரை வீட்டு மனிதராக உள்ளே அழைக்கும் வாசல் அது. இன்று அந்த வீட்டில் பணம் கட்டித் தங்கலாம்.

வீழ்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1836-இல் தசமபாகம் பணமாக மாறியது. 1936-இல் அந்தப் பணமும் ஒழிந்தது. வேலையாட்கள் போர்களுக்குப் பின் கிடைக்கவில்லை. பல ஊர்களை ஒரே போதகரிடம் இணைத்தார்கள். 1972, 1976 ஆண்டுகளின் திருச்சபைச் சட்டங்கள் வீட்டுப் பழுது பொறுப்பையும் மானிய நிலத்தையும் திருமண்டலங்களிடம் ஒப்படைத்தன. பெரிய வீடுகள் ஆயிரக்கணக்கில் விலைக்குப் போயின. பதிலுக்குக் கட்டிய நான்கு படுக்கையறை வீடுகளில் ஒன்று மட்டும் விடாமல் தொடர்ந்தது: வாசலை ஒட்டிய படிப்பறை. திருச்சபையின் வடிவமைப்பு வழிகாட்டி இன்றும் அதைக் கேட்கிறது. திட்டத்தின் உயிர்நாடி எது என்று திருச்சபைக்குத் தெரிந்தே இருந்தது. வீட்டை விற்கும்போது அதை வாங்குபவருக்குச் சொல்லத்தான் மறந்தது.

வாங்கியவர்களில் சிலர் ஹோட்டல்காரர்கள். ஏரி மாவட்டத்தில் ஷாரோ பே என்ற ஹோட்டல் 1940-களின் இறுதியில் காட்டிய வழியில், நாட்டுப்புற மாளிகை ஹோட்டல் என்ற வகை பரவியிருந்தது. 1969-இன் சுற்றுலா வளர்ச்சிச் சட்டம் புதிய படுக்கையறை ஒன்றுக்கு 1,000 பவுண்டு வரை மானியம் கொடுத்தது. அறை எண்ணிக்கைக்குப் பணம் என்றால் அறைகளைப் பிளக்கத்தான் செய்வார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சாப்ரன் வால்டன் ஊரின் ரோஸ் அண்ட் கிரவுன் ஹோட்டல் எரிந்து 11 பேர் இறந்தனர். தொடர்ந்து 1971-இல் தீத்தடுப்புச் சட்டம் வந்தது. அது முதலில் பாய்ந்ததே ஹோட்டல்கள் மீதுதான். படிக்கட்டைத் தீப்பிடிக்காத தடுப்புக்குள் அடைக்க வேண்டும், கதவுகள் அரைமணி நேரம் தாங்க வேண்டும். உயிர் காக்கும் விதி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நடுக்கூடமும் படிக்கட்டும் திறந்து நிற்பதே அழகு என்று கட்டிய வீடுகளுக்கு அது பேரிடி. பல இடங்களில் படிக்கட்டின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கம்பிக் கண்ணாடித் தடுப்பு வந்தது. பழைய பலகைக் கதவுகளின் மேல் தட்டைப் பலகை அறைந்து மூடினார்கள்.

இப்போது நிலைமை மேல். 2005-இன் தீப் பாதுகாப்பு ஆணை, கட்டடத்துக்குக் கட்டடம் ஆபத்தை மதிப்பிட்டு முடிவு செய்ய இடம் தருகிறது. பழைய கதவில் முதலில் எரிவது மெல்லிய நடுப்பலகைதான்; சூடானால் பொங்கி விரியும் தாளை அதன் மேல் ஒட்டி வண்ணம் பூசினால் கதவு பிழைக்கும், கண்ணுக்கும் தெரியாது. புகை உணர் கருவிகளும் நீர்த்தூவிகளும் இருந்தால் படிக்கட்டைத் திறந்தே விடவும் வழியுண்டு. பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடத்தின் உட்புறத்தைத் தொடவும் அனுமதி வேண்டும் என்பதால் இந்த வேலைகளை அதிகாரி ஒருவர் பார்த்தே ஆக வேண்டும்.

தீயைவிட இன்று பெரிய எதிரி குளியலறை. அறைதோறும் ஒன்று வேண்டும் என்று விருந்தினர் எதிர்பார்க்கிறார்கள். 1790-இல் கட்டிய ஒரு படுக்கையறையின் மூலையை முழு உயரத்துக்கு அடைத்தால், கூரையோரச் சுதைப் பட்டை பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும், இரண்டு ஜன்னல்களின் நடுவே இருந்த சமன் குலையும். நல்ல வடிவமைப்பாளர்கள் ஆளுயரத்துக்குச் சற்று மேல் வரை மட்டும் ஒரு மரப்பெட்டியாகக் குளியலறையை நிறுத்துவார்கள். மேலே கூரை முழுதாகத் தெரியும். பழைய உடைமாற்றும் அறை இருந்தால் அதுவே சிறந்த இடம்: கணவன் மனைவி படுக்கையறையை ஒட்டி அப்படியோர் அறை ஜார்ஜிய ரெக்டரிகளில் பெரும்பாலும் இருக்கும். கழிவுக் குழாயை முகப்பில் இறக்காமல், பின்படிக்கட்டை ஒட்டிய சுவரில் இறக்குவது வேலை தெரிந்தவரின் அடையாளம்.

ஆனால் பின்படிக்கட்டைத்தான் பலரும் முதலில் பிடுங்குகிறார்கள். அந்த இடத்தில் லிப்ட் வரும், இல்லையென்றால் இன்னோர் அறை. படிப்பறையின் பக்கக் கதவைச் சுவர் வைத்து அடைத்துவிடுவார்கள். பாதுகாப்புக்காக என்று சொல்லி ஆலயத்துப் பக்கக் கதவைப் பூட்டுவார்கள். கணப்படுப்பின் பளிங்கை மட்டும் பளபளவென்று துடைத்து வைத்திருப்பார்கள். இதைப் பாதுகாப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. படிப்பறையை வரவேற்பு மேசைக்குக் கொடுத்த ஹோட்டல்களில் பழைய திட்டம் தானாகவே உயிர் பெறுகிறது: வருபவர் அங்கே பெயர் சொல்லி, பிறகு உள்ளே போகிறார். பின்படிக்கட்டைத் துணி மாற்றுபவர்களும் தட்டு எடுப்பவர்களும் பயன்படுத்துகிறார்கள். அது அதற்காகவே கட்டியது. தெற்கு அறை எல்லாரும் உட்காரும் இடமாகிறது. ஒரு சுவரும் இடிக்க வேண்டியதில்லை. தனியார் குடும்பம் வாங்கிய ரெக்டரிகளில் பாதி அறைகள் பூட்டிக் கிடக்க, அடுக்களையையும் சாப்பாட்டு அறையையும் ஒன்றாக்கிவிடுவது வழக்கம். அதோடு ஒப்பிட்டால், அறிவோடு நடத்தும் ஹோட்டல் இந்த வீட்டுக்கு நெருங்கிய வாரிசு என்றே சொல்வேன்.

அறிவுக்கு வேண்டிய ஆவணமும் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. பவுண்டி நிதியில் கடன் கேட்ட போதகர், வரைபடமும் மதிப்பீடும் பேராயரின் அலுவலகத்தில் கட்டாயம் தாக்கல் செய்தார். அவற்றில் பல இன்று மாவட்ட ஆவணக் காப்பகங்களில் கிடைக்கின்றன. மையால் வரைந்து, நீர்வண்ணம் தீட்டி, படிப்பறை, பால் அறை, பின்படிக்கட்டு என்று ஒவ்வொரு அறையின் பெயரும் எழுதிய தாள்கள். 2012 முதல் நடப்பில் உள்ள திட்டமிடல் கொள்கை, மாற்றம் கேட்பவர் கட்டடத்தின் சிறப்பை விளக்க வேண்டும் என்கிறது. அதற்குக் குறைந்த அளவாக உள்ளூர்ப் பாரம்பரியப் பதிவேட்டைப் பார்த்தால் போதும் என்கிறது. ரெக்டரி என்றால் அந்த அடமான வரைபடத்தையும் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். எந்தக் கதவை அடைக்கிறோம் என்பது கொத்தனார் உளியை எடுப்பதற்கு முன்பே அனுமதி தரும் அதிகாரியின் மேசைக்கு வந்துவிடும்.